மோனே வரைந்தது வைக்கோல் போர் அல்ல: மூன்று அறுவடை ஓவியங்களைப் பார்ப்பது எப்படி?

2022 அக்டோபர் 23 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் உள்ள பார்பெரினி அருங்காட்சியகத்தில், பருவநிலைப் போராட்டக் குழு ஒன்றைச் சேர்ந்த இருவர் ஓர் ஓவியத்தின் மீது மசித்த உருளைக்கிழங்கை வீசினார்கள். படம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே 1890இல் வரைந்த படம் அது. அறுவடை முடிந்த வயல், அதில் குவித்து அடுக்கிய போர், மேலே வானம், அவ்வளவுதான். 2019 மே மாதம் நியூயார்க்கில் சோதபி நிறுவனம் நடத்திய ஏலத்தில் இந்தப் படம் 11.07 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று மதிப்பில் 770 கோடி ரூபாய்க்கும் மேல்.

அதே 2022இல், ஜூலை 4 அன்று, லண்டன் நேஷனல் கேலரியில் இன்னொரு சம்பவம். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெயின்' (புல் வண்டி) படத்தின் மேல் போராட்டக்காரர்கள் ஒரு தாளை ஒட்டி மறைத்தார்கள். அந்தத் தாளில் அதே காட்சி இருந்தது. ஆனால் ஆறு இருந்த இடத்தில் தார்ச்சாலை, வானத்தில் விமானங்கள்.

இந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்கு எழுந்த கேள்வி நியாயமானது. போரும் வண்டியும் ஆறும் காலண்டரில் பார்த்துப் பழகிய காட்சிகள்தானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது? இதற்கு ஏன் இத்தனை கோடி? போராட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை. முதல் கேள்விக்கு விரிவாகவும், விலை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவும் விடை சொல்வதே நோக்கம். அதற்கு மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் அறுப்புக் காலத்துப் படங்கள்.

முதலில் இரண்டு சொற்கள்

1. நிலக்காட்சி ஓவியம்: வயல், ஆறு, மரம், மலை, வானம் ஆகியவையே பொருளாக அமையும் படம். மனிதர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் படம் அவரைப் பற்றியது அல்ல.

2. அன்றாட வாழ்வு ஓவியம்: ஆங்கிலத்தில் இதற்கு 'ஜானர்' ஓவியம் என்று பெயர். சினிமா பேச்சில் 'த்ரில்லர் ஜானர்' என்று சொல்லும்போது வரும் பொருளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அது குறிப்பது பெயர் தெரியாத மனிதர்களின் சாதாரண வேலையையும் பொழுதையும். துணி தைப்பவள், சீட்டாடுபவர்கள், கதிர் பொறுக்குபவள் என்று யாராகவும் இருக்கலாம். உருவப்படத்தில் இன்னார் என்ற பெயர் முக்கியம். புராண, வரலாற்று ஓவியத்தில் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை முக்கியம். அன்றாட வாழ்வு ஓவியத்தில் பெயரும் கிடையாது, முன்கதையும் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதிலிருந்துதான் எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும்.

மேல்வரிசை, கீழ்வரிசை

17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஓவியக் கழகம் ஓவியங்களுக்குத் தரவரிசை வகுத்துவிட்டது. அதைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஆந்த்ரே ஃபெலிபியன். மதம், புராணம், வரலாறு ஆகியவற்றைச் சொல்லும் படம் உச்சியில். அடுத்து உருவப்படம். பிறகு அன்றாட வாழ்வு, நிலக்காட்சி, விலங்குகள், கடைசியில் பழமும் பாத்திரமும். கடவுளின் படைப்பில் மனிதனே உயர்ந்தவன், ஆகவே மனிதனின் பெருஞ்செயலை வரைவதே உயர்ந்த கலை என்பது அதன் தர்க்கம்.

இந்த வரிசை வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. பெரிய ஓவியத் துணியில் (கேன்வாஸில்) எதை வரையலாம், எந்தப் படம் கண்காட்சியில் நல்ல சுவரில் தொங்கும், யாருக்கு அரசுப் பணம் கிடைக்கும் என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்தது. பாரிஸில் நிலக்காட்சிக்கென்று ஒரு பரிசு 1817இல்தான் வந்தது. அதற்கும் 'வரலாற்று நிலக்காட்சி' என்று பெயர். மரங்களுக்கு நடுவே ஏதாவது ஒரு கிரேக்க வீரனையோ தேவதையையோ நிறுத்தினால்தான் செல்லும். வெறும் வயலுக்குத் தனி மதிப்பு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நிலக்காட்சி, அன்றாட வாழ்வு ஓவியங்களை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நமக்கு இன்று சாதுவாகத் தெரியும் ஒரு வண்டிப் படம், தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மீறி வந்து நின்ற படம்.

முதல் படம்: ஆற்றுக்குள் நிற்கும் வண்டி

கான்ஸ்டபிள் 'தி ஹே வெயின்' படத்தை 1821இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தபோது அதன் பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்'. அளவு ஏறத்தாழ 130 க்கு 185 சென்டிமீட்டர். ஒரு கட்டிலைத் தூக்கிச் சுவரில் மாட்டியது போன்ற அளவு. வரலாற்று ஓவியத்துக்கென்று வைத்திருந்த அளவில் ஒரு பாரவண்டி. முதல் மீறல் இதுதான்.

இடம் இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களுக்கு நடுவே ஓடும் ஸ்டவர் ஆறு. ஓவியரின் தந்தை நடத்திய ஃப்ளாட்ஃபோர்ட் மாவு ஆலைக்குப் பக்கத்துத் துறை. இடப்புறம் தெரிவது வில்லி லாட் என்ற குடியானவரின் வீடு. ஆனால் படத்தை வரைந்தது லண்டனில், அறைக்குள் உட்கார்ந்து. ஊரில் எடுத்த பழைய குறிப்புகள் போதாமல், வண்டியின் அமைப்பை மட்டும் ஒரு நண்பரிடம் சொல்லி வரைந்து அனுப்பச் செய்தார்.

வண்டிக்கு அருகில் போவோம். அது காலியாக இருக்கிறது. குதிரைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன. ஏன் ஆற்றுக்குள் வண்டி? அக்கரை வயலுக்குப் போகும் வழி இந்தத் துறைதான். இன்னொரு காரணமும் சொல்வார்கள். கோடையில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கினால் மேலே இருக்கும் இரும்புப் பட்டா கழன்றுவிடும். சக்கரத்தைச் சற்றுத் தண்ணீரில் ஊறவிட்டால் வட்டை உப்பிப் பட்டாவை இறுக்கும். மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வண்டி எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வலப்பக்கம் தொலைவில் பார்க்க வேண்டும். வெளிச்சம் விழும் பசும்புல்வெளியின் கோடியில், வெள்ளைச் சட்டைகளாகச் சில புள்ளிகள். புல் அறுப்பவர்கள் அவர்கள். ஏற்கெனவே ஒரு வண்டியில் பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. படத்தின் பெயருக்குக் காரணமான உழைப்பு முழுவதும் விரல் நகத்தில் அடங்கும் அளவில், கண்ணில் படாத மூலையில் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நெப்போலியனோடு நடந்த போர் 1815இல் முடிந்த பிறகு விளைபொருள் விலை விழுந்து, சஃபோக் பகுதிக் கூலிக்காரர்கள் வேலையில்லாமல் தவித்த காலம் அது. 1816இல் அங்கே கலவரம் நடந்தது. 1822 ஏப்ரலில் கான்ஸ்டபிள் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அருகிலோ தொலைவிலோ தீ தெரியாத இரவே இல்லை என்று ஊரிலிருக்கும் தம்பி சொன்னதாகக் குறிப்பிடுகிறார். எரிந்தவை பண்ணையார்களின் போர்கள். படம் காட்சிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த அமைதியான நண்பகல், நகரத்தில் இருந்துகொண்டு ஒருவர் தன் பிள்ளைப் பருவத்து ஊரை நினைவிலிருந்து மீட்டு எடுத்தது. அதில் பொய் இல்லை. எதை அருகில் வைப்பது, எதைத் தொலைவில் வைப்பது என்ற தேர்வு இருக்கிறது.

இனி வண்ணம். தூரத்திலிருந்து புல்வெளி ஒரே பச்சையாகத் தெரியும். கிட்டே போனால் ஒரு பச்சைக்குள் பல பச்சைகள் பக்கம் பக்கமாக இருக்கும். மஞ்சள் கலந்தது, நீலம் கலந்தது, பழுப்பேறியது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா தன் நாட்குறிப்பில் கான்ஸ்டபிளைப் பற்றி எழுதி வைத்த விஷயம் இதுவே. குதிரைச் சேணத்தில் இருக்கும் கொஞ்சம் சிவப்பைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பச்சை மங்கிப்போகும். இலை மீதும் நீர் மீதும் தெறித்த வெள்ளைப் புள்ளிகளை அந்தக் காலத்தில் 'கான்ஸ்டபிளின் பனி' என்று கிண்டல் செய்தார்கள். ஈர இலையில் வெயில் பட்டு மின்னுவதை வேறு எப்படிக் காட்டுவது?

லண்டனில் படம் விற்கவில்லை. பாரிஸ் வணிகர் ஒருவர் வாங்கிச் சென்று 1824 பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்தார். அரசர் பத்தாம் சார்லஸ் தங்கப் பதக்கம் கொடுத்தார். வயலை வயலாகவே வரையலாம் என்ற துணிச்சல் பிரெஞ்சு இளைஞர்களுக்கு வந்ததில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களில் சிலர் அடுத்த பத்திருபது ஆண்டுகளில் பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காட்டோரம் உள்ள பார்பிஸோன் கிராமத்தில் கூடத் தொடங்கினார்கள்.

இரண்டாம் படம்: குனிந்த மூன்று பெண்கள்

பார்பிஸோனுக்கு 1849இல் குடிவந்தவர் ழான்-ஃபிரான்சுவா மில்லே. நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1857 சலோனில் வைத்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பார்வையில், மூன்று படங்களிலும் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது இதுதான்.

அறுத்துக் கட்டி எடுத்துப் போன பிறகு வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் ஏழைகளுக்கு நெடுங்காலமாக இருந்தது. கட்டுப்பாடுகளும் இருந்தன. பயிர் முழுவதும் வயலை விட்டுப் போயிருக்க வேண்டும். பகலில் மட்டும் பொறுக்க வேண்டும். கருவி கூடாது, கைதான். பொறுக்க வருபவர்கள் ஊரின் கடைசி அடுக்கில் இருப்பவர்கள்.

படத்தில் மூன்று பெண்கள். மூவரின் தலைத்துணியும் நீலம், சிவப்பு, மஞ்சள். இடப்பக்கத்தவள் நன்றாகக் குனிந்திருக்கிறாள். ஒரு கையை முதுகுப் பக்கம் வளைத்து, அதில் இதுவரை சேர்த்ததைப் பிடித்திருக்கிறாள். நடுவில் இருப்பவளின் விரல்கள் தரையைத் தொடுகின்றன. வலப்பக்கத்தவள் பாதி நிமிர்ந்து கையில் உள்ளதைச் சரிசெய்கிறாள். குனிவது, எடுப்பது, நிமிர்வது. ஒரே வேலையின் மூன்று கட்டங்கள். மூன்று பெண்களாகவும் பார்க்கலாம், நாள் முழுக்க இதையே திரும்பத் திரும்பச் செய்யும் ஒரே பெண்ணாகவும் பார்க்கலாம். இடுப்பு வலி தெரிகிற படம் என்று யாராவது சொன்னால் அது மிகையல்ல.

இப்போது பின்னணி. அங்கே இன்னோர் உலகம். தங்க வெளிச்சத்தில் பெரிய பெரிய போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கட்டுக் கட்டும் கூட்டம், வலக்கோடியில் குதிரை மேல் ஒரு மேற்பார்வையாளர். விளைச்சல் அமோகம். அந்த அமோகத்துக்கும் இந்த மூவருக்கும் நடுவே வெறும் அறுத்த தாள் நிலம். கான்ஸ்டபிள் மூலையில் புள்ளியாக வைத்ததை மில்லே முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். பண்ணையின் செல்வம் தொலைவுக்குப் போய்விட்டது. குனிந்த இருவரின் தலையும் தொடுவானத்துக்குக் கீழேதான். வானம் அவர்களுக்கு இல்லை. முகங்களும் தெளிவாகத் தெரியவில்லை. இரங்கச் சொல்லி எந்த முகமும் நம்மைப் பார்க்கவில்லை.

இதைப் பார்த்துப் பாரிஸ் ஏன் பதறியது? 1848 புரட்சி முடிந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை. அந்தப் புரட்சியில்தான் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. கிராமத்து ஏழையும் அரசியலில் எண்ணிக்கையாகிவிட்டான். ஃபிகாரோ இதழின் விமர்சகர் ஒருவர், இந்த மூன்று பெண்களுக்குப் பின்னால் மக்கள் கிளர்ச்சியின் ஈட்டிகளும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793ஆம் ஆண்டின் கொலைமேடைகளும் தெரிகின்றன என்ற கருத்தில் எழுதினார். குனிந்து கதிர் பொறுக்குபவர்களிடம் அவருக்கு அவ்வளவு அச்சம்.

அச்சத்தின் காரணம் பொருளில் மட்டும் இல்லை, வரைந்த விதத்தில் இருக்கிறது. இதற்குச் சான்றாக இன்னொரு படம் உண்டு. ழூல் பிரெதோன் என்ற ஓவியர் 1859 சலோனில் இதே பொருளை வரைந்து வைத்தார். பெயர் 'கதிர் பொறுக்குபவர்களைத் திரும்ப அழைத்தல்'. அதிலும் ஏழைப் பெண்கள்தான், வெறுங்கால்தான், கிழிந்த உடைதான். ஆனால் பெரும்பாலோர் நிமிர்ந்து நடக்கிறார்கள். அந்தி ஒளியில், தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டுடன், தேவியர் போல வருகிறார்கள். வேலை முடிந்துவிட்டது, காவலர் கையை வாயருகே குவித்து அழைக்கிறார். வறுமை அழகாகிவிட்டது. மூன்றாம் நெப்போலியனின் அரசே அந்தப் படத்தை வாங்கியது. இரண்டு படங்களும் இன்று ஓர்சேயிலேயே இருக்கின்றன. பிரெதோன் மோசமான ஓவியர் அல்ல. கைத்திறனில் மில்லேயை விடவும் நயமானவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். மில்லே அதற்கு இடம் தரவில்லை.

அன்றாட வாழ்வு ஓவியத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்து கிடைக்கிறது: வேலை நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா?

மூன்றாம் படம்: யாரும் இல்லாத வயல்

மோனே 1883இல் நார்மண்டியின் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறினார். 1890இன் பிற்பகுதியிலிருந்து அடுத்த ஆண்டு வரை, வீட்டருகே உள்ள வயலில் நின்ற போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஏறத்தாழ 25 படங்கள். அவற்றில் 15 படங்களை 1891 மே மாதம் பாரிஸில் ஓவிய வணிகர் பால் துரான்-ருயேலின் கூடத்தில் ஒன்றாக வைத்தார்.

இவற்றை ஆங்கிலத்தில் 'ஹேஸ்டாக்ஸ்' என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். 'ஹே' என்பது காய்ந்த புல். தமிழில் அதையே 'வைக்கோல் போர்' என்கிறோம். இரண்டும் சரியில்லை. பிரெஞ்சுத் தலைப்பில் இருக்கும் சொல்லுக்குப் 'போர்' என்று மட்டும்தான் பொருள். அது கோதுமைப் போர்; அதுவும் அடிக்காத போர். அறுத்த தாள்களைக் கதிரோடு கட்டுக் கட்டி, கதிர் உள்பக்கம் இருக்கும்படி அடுக்கி, மழை இறங்காமல் மேலே கூம்பாக வேய்ந்துவிடுவார்கள். 15 முதல் 20 அடி உயரம் வரும். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வரும். முறை வரும் வரை போர் வயலிலேயே நிற்கும். கோடையில் அடுக்கிய போர் அடுத்த மார்ச் வரைகூட நிற்கும். தமிழில் இந்த வேறுபாட்டுக்குச் சொல் இருக்கிறது. அடிப்பதற்கு முன் நெற்போர், அடித்த பிறகு வைக்கோற்போர். போரடிப்பது என்பதே அந்த முதல் போரைத்தான்.

இந்தத் திருத்தம் சொல்லாராய்ச்சிக்காக அல்ல, படத்தின் பொருளே இதில் மாறுகிறது. வைக்கோல் என்றால் மிச்சம். அடிக்காத கதிர்ப் போர் என்றால் ஓர் ஊரின் ஓராண்டு உணவு, முதல், சேமிப்பு. சில படங்களில் போருக்குப் பின்னால் கிராமத்து வீடுகளின் கூரை தெரியும்; போரின் கூம்பும் அந்தக் கூரையும் ஒரே வடிவத்தில் இருக்கும். மேலும், போர் கோடை முதல் பனிக்காலம் வரை அசையாமல் நின்றதால்தான் மோனே தான் நினைத்த வேலையைச் செய்ய முடிந்தது.

அந்த வேலை என்ன? பொருள் மாறாமல் இருக்க, அதன் மேல் விழும் ஒளி எப்படி மாறுகிறது என்று பிடிப்பது. 1890 அக்டோபரில் தன் நண்பரும் விமர்சகருமான குஸ்தாவ் ஜெஃப்ருவாவுக்கு எழுதிய கடிதத்தில், சூரியன் இறங்கும் வேகத்துக்குத் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்கிறார். எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகப் பரவி மூடும் ஒளியைத்தான் தேடுவதாகவும் சொல்கிறார். வெளிச்சம் மாறினால் வரையும் துணியை மாற்றுவார். மறுநாள் அதே வெளிச்சம் வரும்போது அதே துணியை எடுப்பார். பிறகு அறைக்குள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இசைவித்துச் சரிசெய்வார்.

தலைப்புகளைக் கவனியுங்கள்: 'கோடையின் முடிவு', 'பனி, காலை', 'பனி, அந்தி'. சங்கப் பாடலைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பல தலைப்புகளில் பெரும்பொழுதும் (பருவம்) சிறுபொழுதும் (நாளின் வேளை) சேர்ந்தே வரும். இடம் ஒன்று, பொழுது மட்டும் வேறு.

கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது நிழலை. பனிப் படங்களில் போரின் நிழல் நீலமாகவும் ஊதாவாகவும் கிடக்கும். அதற்கு முன்பு ஓவியப் பள்ளிகளில் நிழலைப் பழுப்பும் கருப்பும் கலந்துதான் வரையச் சொல்லித் தந்தார்கள். ஆனால் வெயில் படாத பனித்தரையில் விழுவது நீல வானத்தின் வெளிச்சம். ஆகவே நிழல் நீலமாகத்தான் இருக்கும். அந்திப் படங்களில் போரின் விளிம்பு முழுக்கத் தணல் போல ஆரஞ்சும் சிவப்பும். போர் எந்த நிறம் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த நேரத்தில் என்று கேட்டால் பதில் உண்டு.

இது சாத்தியமானதற்குக் கலைக்கு வெளியே சில காரணங்களும் உண்டு. 1841இல் லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட், பிதுக்கி எடுக்கும் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். திறந்தால் காயும், வெளியூர் கொண்டுபோனால் வெடிக்கும். குழாய் வந்த பிறகு வண்ணப் பெட்டியோடு வயலுக்குப் போக முடிந்தது. செயற்கை நீலமும் புதுப் பச்சைகளும் தொழிற்சாலையில் தயாராகி மலிந்தன. ரயில் வந்தது.

சரி, மூன்றாம் படத்தில் ஆட்கள் எங்கே? இல்லவே இல்லை. அறுத்தவரும் இல்லை, அடுக்கியவரும் இல்லை, பொறுக்குபவரும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் மில்லே பின்னணியில் வைத்த அதே போர் முன்னுக்கு வந்துவிட்டது. முன்னால் இருந்த பெண்கள் மறைந்துவிட்டார்கள். இதை ஒரு இழப்பாகவே நான் பார்க்கிறேன். ஒளியைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட ஓவியம் உழைப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. இரண்டும் உண்மை, படத்தின் முன் நிற்கும்போது இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி விலை

770 கோடிக்கு நான்கு காரணங்கள் போதும்.

1. கிடைப்பது அரிது. 25 படங்களில் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. சிகாகோ கலை நிறுவனத்தில் மட்டும் ஆறு இருக்கின்றன. ஏலத்துக்கு வருவது எப்போதோ ஒன்று.

2. கைமாறிய வரலாறு. போட்ஸ்டாம் படத்தை 1890களில் வாங்கியவர் சிகாகோவின் புகழ்பெற்ற சேகரிப்பாளர் பெர்தா பாமர். படம் யார் யாரிடம் இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்தால் போலியோ என்ற சந்தேகம் இல்லை.

3. வணிகரின் வேலை. துரான்-ருயேல் 1886லேயே நியூயார்க்கில் மோனே போன்றவர்களின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து அமெரிக்கப் பணத்துக்கு வழி திறந்தவர். 1891இல் போர்ப் படங்கள் சில நாட்களிலேயே, 3,000 முதல் 4,000 ஃபிராங்க் வரை விலையில் விற்றுத் தீர்ந்தன.

4. ஏலத்தின் இயல்பு. உலகம் முழுக்க இந்த விலை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டியதில்லை. விடாப்பிடியான இருவர் இருந்தால் போதும். இதே படம் 1986 ஏலத்தில் 25.3 லட்சம் டாலருக்குத்தான் போனது.

இந்த விலையில் ஓவியருக்கு என்ன பங்கு என்பது பழைய வழக்கு. மில்லே 1875இல் இறந்தார். அவருடைய 'ஏஞ்சலஸ்' படம் 1889 ஏலத்தில் 5,53,000 ஃபிராங்குக்குப் போனபோது குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. அந்த ஆதங்கம் பிரான்ஸில் பெரிய விவாதமாகி, மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுக்கும் பங்கு தரும் சட்டம் 1920இல் வந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவும் அதே வழியில் வந்ததுதான்: மூலப் படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைப்பாளிக்கோ வாரிசுக்கோ அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்க உரிமை உண்டு. நம் ஓவியர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது கவலைக்குரிய கேள்வி.

அடுத்த முறை ஒரு படத்தின் முன் நிற்கும்போது

1. அளவைப் பாருங்கள். கைபேசியில் எல்லாப் படமும் ஒரே அளவுதான். அது பெரிய ஏமாற்று. சென்டிமீட்டரைப் படித்து, உங்கள் வீட்டுச் சுவரில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கையால் அளந்து பாருங்கள். போட்ஸ்டாம் படம் ஏறத்தாழ 73 க்கு 93. விரித்த செய்தித்தாளை விடப் பெரியது.

2. தொடுவானக் கோடு எங்கே ஓடுகிறது? உயரத்தில் இருந்தால் நிலம் கனக்கும். தாழ்ந்திருந்தால் வானம் ஆளும். ஆட்களின் தலை அதைத் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

3. நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்? இதிலிருந்து நேரத்தைச் சொல்லிவிடலாம். நேரம் தெரிந்தால் வேலை தொடங்குகிறதா முடிகிறதா என்பது தெரியும்.

4. ஆட்களின் கையைப் பாருங்கள். முகத்தை விடக் கை நம்பத்தக்கது. கையில் என்ன இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம்?

5. இருக்க வேண்டியது எது இல்லை? ஸ்டவர் ஆற்றங்கரையில் தீ இல்லை. ஜிவெர்னி வயலில் கதிரடிக்கும் இயந்திரம் இல்லை.

6. கடைசியாகத்தான் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் படிக்க வேண்டும். சிகாகோ, நியூயார்க் மெட்ரோபாலிடன் போன்ற அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள இத்தகைய படங்களைத் துல்லியமான பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. தூரிகைத் தடம் வரை பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஆறாவது குறிப்புக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1896 வாக்கில் மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சு ஓவியக் கண்காட்சிக்கு வசிலி காண்டின்ஸ்கி போயிருந்தார். முப்பது வயதை நெருங்கிய சட்ட ஆசிரியர். அங்கே மோனேயின் போர்ப் படம் ஒன்று இருந்தது. அது என்ன என்றே அவருக்கு விளங்கவில்லை. கண்காட்சிப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் போர் என்று தெரிந்தது. பொருள் தெரியாதபடி வரைய ஓவியருக்கு உரிமை இல்லை என்று முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் படம் மனதை விட்டுப் போகவில்லை. அதன் வண்ணங்கள் நுணுக்கம் குறையாமல் திரும்பத் திரும்பக் கண்முன் வந்து நின்றன என்று 1913இல் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதற்குள் அவர் சட்டத்தை விட்டு ம்யூனிக் போய் ஓவியராகியிருந்தார். எந்தப் பொருளும் இல்லாத, வண்ணம் மட்டுமே உள்ள படங்களை வரைந்துகொண்டிருந்தார். மோனேயின் வயலிலிருந்து ஆட்கள் போயிருந்தார்கள். காண்டின்ஸ்கியின் துணியிலிருந்து போரும் போய்விட்டது.